அறுபத்திரண்டாம் இலக்கப் பதிவு

அத்தியாயம் ஏழு

புஷ்பராஜை மூன்று மணிக்குப் பொலிசிடம் ஒப்படைப்பதென்று முடிவாகியிருந்தது. அதற்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று அவரை வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். லொறியிலிருந்து மீன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பொலிசுக்குப் போறதுக்கு முந்தியும் ஒரு லோட் இறக்க வைக்கிறாங்க," என்றான் வலன்ரைன். "நல்ல கம்பனி மிஸ். எனக்கும் ஒரு வேலை கேட்டுப் பாருங்க."

சுபோதினி கேட்கவில்லை. பத்து வருடம் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தவள். இப்போது வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். வலன்ரைன் கொட்டாஞ்சேனையில் முச்சக்கரவண்டி ஓட்டியவன். அவளுடைய முதல் வழக்கில் ஒருவரைப் பின்தொடர அவனை வாடகைக்குப் பிடித்தாள். வழக்கு முடிந்தது. அவன் போகவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு அந்த அலுவலகத்துக்கு ஒரு வயதானவர் வந்திருந்தார். பெயர் நாகேந்திரம். முப்பத்துமூன்று வருடம் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். ஓய்வு பெற்றபின் கொச்சிக்கடையில் இந்தக் குளிர்களஞ்சியத்தில் அதே வேலை. இங்கே ஒரு பக்கம் மீன், மறுபக்கம் ஒரு சின்ன அறையில் மருந்து.

"புஷ்பராஜ் பிழை செய்யேல்லை," என்றார். "அவன வெளியில எடுக்கோணும். நான் வந்தது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"என்ன நடந்தது ஐயா?"

"நான் ஒண்டும் சொல்லமாட்டன் பிள்ளை. நீங்கள் வந்து விசாரியுங்கோ."

துப்பறிபவரிடம் வந்து துப்புத் தர மறுத்த முதல் கட்சிக்காரர் அவர்தான்.

இப்போது அவர் வாசலில், வருகையாளர் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வலன்ரைனை நிமிர்ந்து பார்த்தார்.

"பேர்?"

"காலையில தானே ஐயா சொன்னது," என்று வலன்ரைன் மெதுவாகக் கேட்டான்.

"பேர்?"

சொன்னான். எழுதினார். நேரத்தை 12.50 என்று எழுதிவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று ஐந்து. சீட்டைக் கிழிக்கவில்லை. குறுக்கே இரண்டு கோடு போட்டார். நடுவில் 'இரத்து' என்று எழுதி, சுருக்கொப்பமும் திகதியும் இட்டார். கீழே இருந்த கார்பன் பிரதியிலும் அதையே செய்தார். பிறகு அடுத்த சீட்டில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

"பதினஞ்சு நிமிசப் பிழைக்கு ரெண்டு கையெழுத்து," என்றான் வலன்ரைன். "இவரு கலியாணம் கட்டினப்ப எத்தன போட்டிருப்பாரு?"

புஷ்பராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். லொறி ஓட்டுவதும் பெட்டி இறக்குவதும் அவரே. செவ்வாய்க்கிழமை இங்கிருந்து ஒரு ஆஸ்பத்திரிக்கு நாற்பது பெட்டி இன்சுலின் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் பெட்டியைத் திறந்தபோது, வெப்பம் காட்டும் அட்டை எல்லாப் பெட்டியிலும் நிறம் மாறியிருந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

"வழியில நிப்பாட்டினீங்களா?" என்று சுபோதினி கேட்டாள்.

"நிப்பாட்டினேன் மிஸ். பொய் சொல்லல. செவ்வாய்க்கெழமைங்களே. அந்தோனியார் கோயில்ல ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தேன். பத்து நிமிசம். லொறியோட கூலர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"பத்து நிமிசத்தில நாற்பது பெட்டி கெடாது."

"அதத்தான் நானும் சொல்றேன். மனேஜர் தொர ஒரு மணி நேரம்னு எழுதியிருக்காரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "மகளுக்கு அடுத்த மாசம் ஓ.எல். பரீட்சை மிஸ். நான் உள்ள போயிட்டா அது பரீட்சைக்குப் போவாது. அது அப்படிப் புள்ள."

"அதுக்கு முதல் நாள், திங்கக்கிழமை, நீங்கள் எங்க?"

"ரத்மலானைக்கு அனுப்பிட்டாங்க. வர நாலு மணி. செவ்வாய் சாமான எடுத்து வைக்கலாம்னு மருந்து ரூமத் தொறந்தேன். ஒரு வாசம்."

"என்ன வாசம்?"

புஷ்பராஜ் சொல்லத் தயங்கினார்.

"வெண்ணிலா," என்றார்.

வலன்ரைன் மீன் பெட்டிகளைப் பார்த்தான். காற்றை ஒரு தரம் இழுத்து மோந்தான். "இந்த எடத்துல வெண்ணிலா வாசம் தெரிஞ்சிருக்குன்னா, மிஸ், அது ஒரு கரண்டி ரெண்டு கரண்டி இல்ல."

புஷ்பராஜுக்காக விசாரிக்க வந்திருக்கிறோம் என்றபோது மனேஜர் மெல்ரோய் மறுக்கவில்லை. தன்மேல் சந்தேகமே வர முடியாது என்று நம்புகிறவரின் மரியாதையோடு நாற்காலி காட்டினார். அறை நல்ல குளிராக இருந்தது. மேசையில் வெள்ளி ரிபன் கட்டிய சின்னஞ்சிறு பெட்டிகள் ஏழெட்டு.

"கேக்," என்றார் மெல்ரோய். "தங்கச்சி மகள்ட வெடிங். வியாழன், நீர்கொழும்பில. எடுங்க, எடுங்க."

வலன்ரைன் இரண்டு எடுத்தான்.

மெல்ரோய் ஒரு தாளை நீட்டினார். இடப்பக்கம் 1 முதல் 74 வரை இலக்கங்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆகக்கூடிய வெப்பநிலை. திகதி இல்லை.

"லுக் மிஸ். மருந்து ரூமுக்கு ஒரு கொம்பியூட்டர் இருக்கு. அது ஓன் ஆகும்போதெல்லாம் ஒரு புது லொக், ஒரு பதிவு, தானா தொடங்கும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ரூம்ட சூட்டையும், கதவு திறந்திருக்கா மூடியிருக்கா எண்டும் எழுதும். கரண்ட் போய் வந்தா அடுத்த லொக், அடுத்த நம்பர். ஒண்டில இருந்து எழுபத்தி நாலு வரைக்கும் ஒரு நம்பர் மிஸ்ஸிங் இல்ல. ஒண்டுலயும் எட்டு டிகிரிக்கு மேல போகல்ல. அப்ப ரூம் சூடாகல்ல. அப்ப சூடானது லொறியில. லொறி ஓட்டினது ஆர்?"

"மூன்றாம் திகதி திங்கக்கிழமை ரூம் எப்பிடி இருந்தது?"

மெல்ரோய் கண் இமைக்க ஒரு கணம் பிந்தியது.

"திங்கள் பத்துல இருந்து மூணு மணி வரை பவர்கட். மெஷின் ஓடல்ல. கதவு மூடியிருந்தா ஆறு மணித்தியாலம் குளிர் நிக்கும். மெஷின் ஓடியிருந்தா லொக் வந்திருக்கும். லொக் வந்தா நம்பர் இருக்கணும். யாராவது லொக்க அழிச்சா நடுவுல ஒரு ஓட்டை இருக்கணும். எங்க ஓட்டை? எண்ணிப் பாருங்க."

அவள் எண்ணவில்லை. அவர் ஏற்கெனவே எண்ணியிருக்கிறார் என்பது தெரிந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஒன்றும் அழிக்காதவர் எதற்காக எண்ணுகிறார்?

"கொம்பியூட்டரப் பாக்கலாமா?"

"தாராளமா. நாகேந்திரம் ஐயா காட்டுவார். திறப்பு அவர்ட்டத்தான்."

கணினி அறை ஒரு அலுமாரி அளவு இருந்தது. நாகேந்திரம் இடுப்பிலிருந்த திறப்பால் கதவைத் திறந்து, உள்ளே வந்து, இரும்பு அலுமாரி ஒன்றுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். வந்தவர்களை அறிமுகமில்லாதவர்களைப் போலப் பார்த்தார்.

பதிவுகளை உண்டாக்கியது ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற ஒரு சின்ன நிரல். பன்னிரண்டு வரி. ஜனா என்றொரு பெடியன் எழுதிவைத்துவிட்டு ரொறொன்ரோவுக்குப் போய்விட்டான். சுபோதினி அதைத் திறந்து வாசித்தாள். வங்கியில் இதைவிட மோசமானவற்றைப் பார்த்திருக்கிறாள். இது சுத்தமாக இருந்தது. நாலாவது வரியில் நின்றாள். மறுபடி வாசித்தாள்.

"வலன்ரைன், நீ கடைசி லொக்குக்கு அடுத்த நம்பரத்தானே புது லொக்குக்குப் போடுவாய்?"

"ஓம் மிஸ். எழுபத்தி நாலுக்குப் பிறகு எழுபத்தஞ்சு. அதுக்குப் படிக்கணுமா?"

"இது அப்பிடிச் செய்யேல்லை. ஒவ்வொரு தரமும் ஒண்டில இருந்து தொடங்குது. ஒண்டாம் நம்பரில ஃபைல் இருக்கா? இருந்தா ரெண்டப் பார். ரெண்டில இருக்கா? மூண்டப் பார். முதலாவதா எந்த நம்பர் காலியா இருக்கோ, அங்க எழுது. அவ்வளவுதான்."

வலன்ரைன் கேக்கை மென்றபடி யோசித்தான். "பஸ்ல ஏறி முன் சீட்ல இருந்து பாத்துக்கிட்டே போற மாதிரி."

"ஓம்."

"அப்ப நடுவுல ஒருத்தன் எறங்கினா, கடைசியா ஏறுறவன் அவன்ட சீட்ல குந்துவான்." மெல்வதை நிறுத்தினான். "சீட் எல்லாம் ஃபுல்லா இருக்கும். ஆனா ஆள் வேற."

ஸ்கிரிப்டின் முதல் வரி நிரலல்ல, ஜனா எழுதிய குறிப்பு: 'இடையில் எந்த இலக்கமும் வெறுமையாக இருக்கக் கூடாது. நாகேந்திரம் ஐயாவின் கட்டளை.'

சுபோதினி நாகேந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

அவள் பதிவுகளைத் தொடங்கிய திகதிப்படி வரிசைப்படுத்தினாள். எழுபத்திநான்கும் நாள் வரிசையில் நின்றன. அறுபத்தொன்றும் அறுபத்துமூன்றும் திங்கட்கிழமை. இடையில் இருக்கவேண்டிய அறுபத்திரண்டு அங்கே இல்லை. அது கீழே, எழுபத்தொன்றுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவில் கிடந்தது. தொடங்கிய நேரம், ஏழாம் திகதி வெள்ளி, காலை 11.40.

"திங்கக்கிழமை அறுபத்திரண்டாம் லொக் ஓடியிருக்கு," என்றாள். "பிறகு ஆரோ அதை அழிச்சிருக்கினம். வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்தது. ஸ்கிரிப்ட் காலி இடத்தக் கண்டுது. வெள்ளிக்கிழமைக் குளிர அங்க எழுதிப்போட்டுது."

"கள்ளன் வேலைய மெஷினே பூசி மெழுகியிருக்கு."

"பூசி மெழுகின நேரத்தையும் எழுதிவச்சிருக்கு. எழுபத்தோராவது லொக் எப்ப தொடங்கினது?"

வலன்ரைன் திரையைப் பார்த்தான். "வியாழன் காலை ஒம்பதே கால்."

"அந்த நேரம் அறுபத்திரண்டு காலியா இருந்திருந்தா, எழுபத்தொண்டு உண்டாகியிருக்காது. அறுபத்திரண்டுக்குத்தான் போயிருக்கும். அப்ப வியாழன் ஒன்பதே கால் வரைக்கும் பழைய அறுபத்திரண்டு உயிரோட இருந்திருக்கு. வெள்ளி பதினொண்டு நாப்பதுக்கு இல்லை. அதுக்கு இடையிலதான் அழிச்சிருக்கு."

"வியாழன் மெல்ரோய் நீர்கொழும்பில." வலன்ரைன் இரண்டாவது பெட்டியைப் பார்த்தான். "தங்கச்சி மகள்ட வெடிங்."

"வெள்ளி?"

"கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் மிஸ். எங்கட ஆக்கள்ல ஒருத்தனும் அண்டைக்குப் பன்னெண்டு மணிக்கு முந்தி எழும்பமாட்டான்."

"புஷ்பராஜுக்கு இந்த அறைக்குள்ள வரேலாது. முதலாளி வெளிநாட்டில. திறப்பு ஒண்டுதான்."

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் மூன்றாமவரைப் பார்த்தார்கள்.

"ஐயா," என்றாள் சுபோதினி. "நீங்கள்தானே அழிச்சது?"

நாகேந்திரம் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்டும் சொல்லமாட்டன் எண்டு காலமையே சொன்னனான்."

"எங்களப் பிடிச்சதே நீங்கதானே ஐயா!" வலன்ரைனுக்குக் குரல் ஏறிவிட்டது. "தன்னையே பிடிக்கச் சொல்லி ஆள் வைக்கிறவர நான் இண்டைக்குத்தான் பாக்கிறேன்!"

"ஆரும் கேக்கேல்லைத் தம்பி. அதுதான் கேக்கிறதுக்கு ஆள் பிடிச்சனான்."

"இப்ப கேட்டாச்சே!"

"இப்பிடிக் கேக்கிறதில்லை."

சுபோதினி அவரை நிதானமாகப் பார்த்தாள். இந்த மனிதர் பதினைந்து நிமிடப் பிழை விழுந்த ஒரு வாசல் சீட்டைக் கிழிக்க முடியாதவர். இலக்கம் போட்ட எதையும் எறிய முடியாதவர். முப்பத்துமூன்று வருடம் மேலதிகாரி சொன்னதைச் செய்திருக்கிறார். கேட்காததை ஒருவருக்கும் சொன்னதில்லை. கேட்டால் பொய் சொன்னதுமில்லை. ஆனால் கேட்கும் முறை ஒன்று இருந்தது. அவளுடைய தகப்பனாரும் அரசாங்க உத்தியோகம். வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள். கணக்காய்வாளர்கள் வந்தால் வாயால் கேட்பதில்லை. எழுத்தில் அனுப்புவார்கள். அதற்கு ஐயவினா என்று பெயர். அதற்குப் பதில் எழுதாமல் எந்தக் கிளாக்கரும் நித்திரை கொண்டதில்லை.

பிரிண்டரிலிருந்து ஒரு தாளை இழுத்தாள். நின்றபடியே எழுதினாள்.

'ஐயவினா இல. 1. அறுபத்திரண்டாம் இலக்கப் பதிவு யாருடைய பணிப்பின் பேரில், எப்போது நீக்கப்பட்டது? அதன் பிரதி எங்கே பேணப்படுகிறது? எழுத்து மூலம் பதில் தருக.'

திகதியிட்டு, ஒப்பமிட்டு, நீட்டினாள்.

நாகேந்திரம் இரண்டு கையாலும் வாங்கினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மூன்று நாள் மூச்சை அடக்கியிருந்தவர் விட்டதுபோல இருந்தது.

"ஓம்," என்றார். "இது சரி."

இரும்பு அலுமாரியைத் திறந்தார். மூன்றாம் தட்டிலிருந்து ஒரு மட்டைக் கோவையை எடுத்தார். மேலே 'இரத்துச் செய்யப்பட்டவை' என்று எழுதியிருந்தது. பிழை விழுந்த சீட்டுகள், மாற்றி எழுதிய பற்றுச்சீட்டுகள். அவற்றுக்கு மேலே, தனியாகக் கோர்த்த நாலு தாள். அழிப்பதற்கு முன் அச்செடுத்த அறுபத்திரண்டாம் இலக்கப் பதிவு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு குறுக்குக் கோடு, இரத்து, சுருக்கொப்பம், ஆறாம் திகதி.

சுபோதினி வாசித்தாள். திங்கள் பத்து ஐந்துக்குக் கதவு திறந்திருக்கிறது. மூடியது இரண்டு இருபதுக்கு. ஆகக்கூடிய வெப்பநிலை பத்தொன்பது டிகிரி.

"நாலே கால் மணித்தியாலம்," என்றாள். "எதுக்கு?"

அது ஐயவினாவில் இல்லாத கேள்வி. நாகேந்திரம் அந்தத் தாளை வாங்கி, அடியில் அவளையே அதை எழுதவைத்து, பிறகு சொன்னார்.

"கேக்குக்குத்தான் பிள்ளை. அஞ்சு தட்டுக் கேக். வீட்டு வெக்கையில ஐசிங் உருகுது எண்டு மனேஜர் இஞ்ச கொண்டந்து வச்சவர். ஐசிங் போட ஒரு நோனா வந்தவ. உள்ள குளிரில விரல் விறைக்குது எண்டா. கதவு மூடாமல் இருக்க ஒரு கதிரையக் குடுத்து வச்சவை."

வலன்ரைன் கையிலிருந்த இரண்டாவது பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தான். ஒன்று ஏற்கெனவே வயிற்றில் இருந்தது.

"தடயத்தத் தின்னுட்டேன் மிஸ்," என்றான்.

கோவையில் ஐந்தாவது தாளும் இருந்தது. வியாழன் மாலை மெல்ரோய் நீர்கொழும்பிலிருந்து அனுப்பிய வட்ஸ்அப் செய்தி. 'ஐயா அந்த 62 லொக்க டிலீட் பண்ணுங்க. இந்த மெசேஜையும்.' நாகேந்திரம் இரண்டு கட்டளையையும் நிறைவேற்றியிருந்தார். நிறைவேற்றுவதற்கு முன் அச்செடுத்திருந்தார்.

மெல்ரோய் கதவடியில் நின்றதை அப்போதுதான் கண்டார்கள். சுபோதினியின் கையிலிருந்த தாளை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா! அழிச்சாச்சு எண்டு சொன்னீங்களே?"

"அழிச்சனான் சேர். கொம்பியூட்டரில அழிச்சனான். பேப்பரில இரத்துச் செய்தனான்."

"ரெண்டும் ஒண்டுதானே!"

"இல்லை சேர்." நாகேந்திரத்தின் குரலில் முதல் தடவையாகக் கண்டிப்பு இருந்தது. "ஒண்டில்லை."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து பதிலை எழுதத் தொடங்கினார். நகல் வைத்து எழுதினார். மெல்ரோய், இது வெளியே போனால் உங்களுக்கும் வேலை போகும், வயதான காலத்தில் ஏன் இந்த வேலை என்றார். அவர் தலையை ஆட்டினார். எழுதுவதை நிறுத்தவில்லை. அழித்தது தான் என்றும், அதற்குத் தானும் பொறுப்பு என்றும் மூன்றாம் பந்தியில் இருந்தது. முழுப்பெயரில் ஒப்பமிட்டார்.

பொலிஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. சார்ஜன்ட் ஒருவர், கொன்ஸ்டபிள் ஒருவர். சார்ஜன்ட் வாசலில் நின்று, "கோ மினிஹா?" என்றார். ஆள் எங்கே என்று கேட்கிறார்.

புஷ்பராஜ் மீன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே முன்னால் வந்தார். சட்டைப் பொத்தானைப் பூட்டினார். சுபோதினி அவருடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். தாள்களைச் சார்ஜன்ட்டிடம் கொடுத்துச் சிங்களத்தில் விளக்கினாள். கேக் வரும் இடத்தில் சார்ஜன்ட் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். அவர் மெல்ரோயைப் பார்த்தார். கொன்ஸ்டபிளும் பார்த்தார். கொஞ்சம் ஸ்டேஷன் வரை வந்து ஒரு வாக்குமூலம் தந்துவிட்டுப் போகலாம் என்று சார்ஜன்ட் மிகவும் பணிவாகச் சொன்னார். நாகேந்திரம் ஐந்து மணிக்கு வந்தால் போதும். முதலில் அலுமாரியைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

ஜீப் போயிற்று. வலன்ரைன் முச்சக்கரவண்டியை எடுத்துவரப் போனான்.

"வீட்ட போங்கோ," என்றாள் சுபோதினி. "மகளிட்டச் சொல்லுங்கோ."

புஷ்பராஜ் போகவில்லை. நாகேந்திரத்தின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"வெள்ளிக்கெழமையே சொல்லியிருக்கலாமே ஐயா."

"ஆரும் கேக்கேல்லை புஷ்பராஜ்."

"நான் கேட்டேன். இதே எடத்துல நின்னு கேட்டேன். ரூம்ல என்ன நடந்துச்சு, ஒங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். அழுதேன் ஐயா."

நாகேந்திரம் அடுத்த சீட்டில் இருந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தில கேக்கேல்லை," என்றார்.

வெளியே ஹோர்ன் அடித்தது. புஷ்பராஜ் அவரையே பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் ஐயா போட வரும்."

நாகேந்திரம் பேனையை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. கழற்றி மறுபடி மூடினார்.